அரம் படாத துப்பாக்கி

துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்ட எனக்கு, செய்து முடித்த வேலைகளைக் காட்டிலும் செய்யாமல் விட்ட ஒரு வேலைதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது. 1966-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு பிற்பகல், சென்னையில் நான் பட்டறை வைத்திருந்த சந்துக்குள், கல்லூரியில் பௌதிகம் போதிக்கும் ஆசிரியர் ஒருவர் கான்வாஸ் உறையில் பொதிந்த புதிய ரைபிள் ஒன்றைக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு நுழைந்தார். லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே, "மேஸ்திரி, கோளாறு என்னிடத்திலா, இதனிடத்திலா என்று மட்டும் சொல்லிவிடுங்கள். என்னிடம் என்றால் நான் திருத்திக்கொள்கிறேன்" என்றார். பழுதென்று துப்பாக்கி கொண்டுவந்தவர்களில், முதல் சந்தேகத்தைத் தம்மீதே வைத்துக்கொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

அது பாயிண்ட் டூ-டூ என்று நாங்கள் வழங்கும் .22 இலக்கு ரைபிள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாதது. ஐம்பது மீட்டரில் நிறுத்திய காகிதத்தில் துளையிடுவதே அதன் பிறவிப் பயன். ரைபிள் சங்கத்தின் சிபாரிசைப் பெற்று, இறக்குமதி அனுமதிக்காகப் பல மாதங்கள் காத்திருந்து, சம்பளத்தில் மிச்சம்பிடித்த பணத்தையெல்லாம் போட்டு, மேனாட்டுக் கம்பெனி ஒன்றிடமிருந்து அதை அவர் தருவித்திருந்தார். கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பத்துக் குண்டுகள் சுட்டால் ஆறோ ஏழோ ஓரிடத்தில் சேர்ந்து விழுகின்றன, மற்றவை காரணமில்லாமல் வெளியே ஓடிவிடுகின்றன என்பதே அவர் சொன்ன குறை. எந்தக் குண்டு ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதிருந்ததுதான் அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருந்தது.

இத்தகைய குறை வந்தால் எங்கள் தொழிலில் விசாரிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் சுடுகிறவர், அடுத்து தோட்டா, அடுத்து கட்டை, குழல் கடைசியில். குழலைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அதுதான் துப்பாக்கியில் மிகவும் சிரத்தையுடன் செய்யப்பட்ட பாகம் என்பதோடு, அதில் பிழை என்று சொல்லிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை என்பதும்தான். மறு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் சுடுகளத்துக்குப் போய், ரைபிளை மணல் மூட்டைகளின்மேல் படுக்கவைத்து, அவரும் சுட்டார், அவரைவிட அனுபவசாலியான ஓர் அங்கத்தினரும் சுட்டார். இருவர் கையிலும் அது ஒரே மாதிரி நடந்துகொண்டது. நல்ல இலக்கு ரைபிள் அந்தத் தூரத்தில் பத்துக் குண்டுகளை ஒரு நாலணா நாணயத்தின் அளவுக்குள் அடக்கிவிடும். இதுவோ பெரிய எலுமிச்சம்பழத்தின் அகலத்துக்கு இறைத்தது. மூன்று விதத் தோட்டாக்களை மாற்றிப் பார்த்தோம். அளவு சற்றுக் கூடிற்று, குறைந்தது, குணம் மாறவில்லை.

பிறகு கட்டையின்மேல் சந்தேகம் வைத்தேன். குளிர்நாட்டில் உலர்ந்த வால்நட் மரம் நமது சென்னைக் கடற்காற்றில் ஈரம் குடித்து உப்புவது உண்டு. உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாக நெருக்கினால், குழல் சூடேறச் சூடேறக் குறி நகர்ந்துகொண்டே போகும். ஆனால் அப்படி நேரும்போது குண்டுகள் ஒரு திசையில் வரிசையாக நகருமே தவிர, இப்படித் தாறுமாறாக ஓடுவதில்லை. ஆயினும், காகிதத் துண்டொன்றை மடித்துக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்து நுனியிலிருந்து இழுத்துப் பார்த்தேன். எங்கும் தடைப்படாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மரம் நிரபராதி.

இனிமேல் பார்க்கவேண்டியது தோட்டா அறை. அதன் சூட்சுமத்தைச் சற்று விளக்கமாகச் சொல்லவேண்டும். .22 தோட்டாவில் தீப்பற்றும் மருந்து நடுவில் இராமல் அடிவிளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் தீயை எழுப்புகிறது. குண்டு நாற்பது கிரெய்ன் எடையுள்ள வெறும் ஈயம். ஆகையால் எதன்மேல் பட்டாலும் அதன் அடையாளத்தை ஏற்றுக்கொள்ளும். குழலுக்குள் வெட்டியுள்ள புரிகள் பதினாறு அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் முறுக்கிச் செல்கின்றன. அந்த முறுக்குத்தான் குண்டைப் பம்பரம்போல் சுழற்றி நேராகப் போகச் செய்கிறது. இலக்கு ரைபிள்களில் தோட்டாவை அறைக்குள் தள்ளி மூடும்போதே குண்டின் தோள் புரிகளின் தொடக்கத்தைத் தொட்டு நிற்கும்படி அறையை இறுக்கமாக வெட்டுவார்கள். அறையின் மையமும் குழலின் மையமும் ஒன்றாக இருந்தால் குண்டு நிமிர்ந்து நுழையும். மயிரிழை விலகியிருந்தாலும் சாய்ந்து நுழையும். சாய்ந்து நுழைந்த குண்டு வெளியேறிய பிறகு தடுமாறாமல் என்ன செய்யும்?

ஆகவே ஒரு தோட்டாவின் அடியில் மேல்பக்கத்தைக் குறிக்க மசியால் ஒரு புள்ளி வைத்து, அறைக்குள் செலுத்தி, போல்ட்டை மூடிச் சுடாமலே வெளியே எடுத்தேன். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது குண்டின் இடது பக்கத்தில் புரிகளின் பற்கள் ஆழமாகக் கடித்திருந்தன; வலது பக்கம் பளபளவென்று தீண்டாமல் இருந்தது. ஒரு தோட்டா கோணலாக இருக்கலாம் அல்லவா? ஆகையால் வேறொரு தோட்டாவின் மசிப்புள்ளியைக் கீழ்ப்பக்கம் வைத்தேன். இன்னொன்றை வலப்பக்கம் வைத்தேன். புள்ளி எங்கே இருந்தாலும் கடி மட்டும் ரைபிளின் இடப் பக்கத்திலேயே விழுந்தது. ஆசிரியர் என் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தோட்டா சுற்றுகிறது, குறை சுற்றவில்லை, எனவே குறை தோட்டாவில் இல்லை" என்று வகுப்பில் சொல்வதுபோல் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

அதற்கு மேலும் ஒரு நிரூபணம் வேண்டுமென்று கந்தக அச்சு எடுத்தேன். புரிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்று அப்பால் துணியால் அடைத்து, உருக்கிய கந்தகத்தை அறைக்குள் வார்த்து, ஆறியபின் வாய்ப்பக்கத்திலிருந்து மரக்கோலால் மெதுவாகத் தள்ளினால், உள்ளே கண்ணுக்கெட்டாதிருக்கும் வடிவமெல்லாம் மஞ்சள் நிறத்தில் கைக்கு வந்துவிடும். இதில் பக்குவம் முழுவதும் சூட்டில்தான் இருக்கிறது. கந்தகம் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குச் சற்று மேலே உருகித் தேன்போல் ஓடும். அவசரப்பட்டு இன்னும் சூடேற்றினால் நீர்க்காமல், அதற்கு மாறாகக் கறுத்துக் கெட்டிப் பாகாகிவிடும். முதல் அச்சு விரிசல் விட்டது. இரண்டாவது பழுதில்லாமல் வந்தது. மைக்ரோமீட்டரை வைத்து அளந்ததில் அறை குழலின் மையத்தினின்று ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு பங்கு விலகியிருந்தது. கந்தகம் இரும்புக்கு ஆகாததாகையால், அன்றிரவே குழலை மும்முறை துடைத்து எண்ணெயிட்டு வைத்தேன்.

குறை தெரிந்துவிட்டது. இங்கேதான் எனக்குச் சோதனை ஆரம்பித்தது. அறையின் தொண்டையைச் சிறிது அகலப்படுத்தினால் குண்டு ஒருபக்கம் உரசுவது குறைந்துவிடும். அதற்கேற்ற வெட்டுளி என் பெட்டியில் இருந்தது. அரை நாள் வேலை. குறை முழுவதும் தீராது, பாதி தீரும். பாதி தீர்ந்தால் ஆசிரியர் மகிழ்ந்திருப்பார். மேஸ்திரி கைராசிக்காரர் என்று பத்துப் பேரிடம் சொல்லியுமிருப்பார். அந்த ஆசையைத் தடுத்தது, பதினைந்து வருஷங்களுக்கு முன்பு நான் செய்த ஒரு காரியத்தின் நினைவு.

அப்போது நான் என் குருநாதரிடம் வேலை கற்று முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஒரு மிராசுதார் புதிதாக வாங்கிய பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். இடது விசை, காற்றுப் பட்டாலும் விழுந்துவிடுமோ என்று அஞ்சும்படி அத்தனை இலேசாக இருந்தது. குருநாதர் ஊரில் இல்லை. விசை பற்றும் வெட்டின் கோணத்தில் பிழை என்று கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், அதை எண்ணெய்க் கல்லால் தேய்த்துச் சரிசெய்துகொடுத்தேன். இரண்டு மாதத்தில் துப்பாக்கி முன்னைவிட மோசமாகித் திரும்பி வந்தது. அந்தப் பாகத்தின் மேல்தோல் மட்டுமே கடினமேற்றப்பட்டது, உள்ளிருப்பது மெதுவான இரும்பு, நான் தேய்த்தது அந்தத் தோலை என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. தயாரித்த கம்பெனிக்கு எழுதினோம். பிறர் கைபட்ட ஆயுதத்துக்குத் தங்கள் உத்தரவாதம் செல்லாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அவர்கள் சொன்னது நியாயமே. பிழையாக வெட்டியது அவர்களானாலும், அந்தப் பிழைக்குச் சாட்சியாக இருந்த இரும்பை அழித்தவன் நான். "அரம் தின்ற இரும்பு திரும்பி வராதுடா" என்றார் குருநாதர். அதற்குமேல் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. புதிய பாகத்துக்கான பணத்தை என் கூலியில் மாதம் ஐந்து ரூபாயாக அவர் பிடித்துக்கொண்டதை இன்றுவரை நான் அவர் செய்த உபகாரமாகவே நினைக்கிறேன்.

ஆகவே ஆசிரியரிடம், "ஸார், இதை நான் தொடக் கூடாது. ஒரு வருஷ காரண்டி இருக்கிறது, எழுதுவோம்" என்றேன். அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கவேண்டும். எனினும் அன்று மாலையே காகிதத்தோடு வந்துவிட்டார்.

இங்கிலீஷ் அவருடையது, விஷயம் என்னுடையது. அவர் எழுதிக்கொண்டுவந்த முதல் பிரதியில் கோபம் நிறைந்திருந்தது: நம்பி மோசம்போனது, பெயர்பெற்ற ஸ்தாபனத்துக்கு இது அழகா என்பது, இந்தியாவுக்குத்தானே என்று அனுப்பிவிட்டார்களோ என்பது. அவருடைய மனவேதனையில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இக்கடிதம் எவன் கையில் போய்ச் சேரும் என்று நான் யோசித்தேன். கடைசியில் அது என்னைப்போல் எண்ணெய் படிந்த கையுடைய ஒரு தொழிலாளியின் மேஜைக்குத்தான் போகும். அவனுக்கு வேண்டியது, தன் பெஞ்சில் அந்த ரைபிளை வைத்து நாங்கள் கண்டதைத் தானும் காண்பதற்குரிய வழி. ஆகையால் ரைபிளின் எண், கைக்கு வந்த தேதி, அதுவரை சுட்டது ஏறக்குறைய நானூறு குண்டுகள், மூன்று விதத் தோட்டாக்களின் பெயர்கள், தூரம், மணல் மூட்டை வைத்த விதம், மசிப்புள்ளிப் பரீட்சை, கந்தக அச்சின் அளவு ஆகியவற்றை நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். குண்டு துளைத்த இலக்குக் காகிதங்கள் ஆறில் தேதியிட்டு, ஓடிய குண்டுகளைச் சிவப்பு மசியால் வட்டமிட்டு உடன்வைத்தோம். 'இதுவரை இந்த ரைபிளில் எந்தக் கருவியும் பிரயோகிக்கப்படவில்லை' என்ற கடைசி வாக்கியத்தை நானே அடிக்கோடிட்டேன்.

கம்பெனியிலிருந்து ஆனி மாதத்தில் வந்த பதிலில் நான்கு கேள்விகள் இருந்தன. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகியதுண்டா? வாய்ப்பக்கமாகக் கோலை நுழைத்துச் சுத்தம் செய்ததுண்டா? கோல் இரும்பா, உறையிட்டதா? கட்டையின் திருகுகளை யார் கழற்றியது? தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார்களே என்று ஆசிரியர் வருந்தினார். எனக்கு அந்தக் கேள்விகளைப் பார்த்ததும் நிம்மதி உண்டாயிற்று. ஏனெனில் அவை எழுத்தரின் கேள்விகள் அல்ல, தொழில் தெரிந்தவனின் கேள்விகள். விளிம்புத் தோட்டா ரைபிளில் வெறுமனே விசையை இழுத்தால், நசுக்குவதற்குத் தோட்டாவின் விளிம்பு இல்லாதபோது ஊசி அறையின் ஓரத்தையே நசுக்கிவிடும். வாய்ப்பக்கமாகக் கோல் போட்டால், குண்டு கடைசியாக விடைபெறும் விளிம்பு தேய்ந்து, அதனாலும் குறி சிதறும். இவ்விரண்டும் வாங்கியவர்கள் வழக்கமாகச் செய்துவிட்டுக் கம்பெனியின்மேல் பழிபோடும் தவறுகள். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. அறையின் ஓரத்தையும் குழலின் வாயையும் பெரிதாக்கிய புகைப்படங்களோடு பதில் எழுதினோம்.

இதற்கிடையே, அந்த ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பை நமது அரசாங்கம் குறைத்தது. 4 ரூபாய் 76 காசுக்குக் கிடைத்த அமெரிக்க டாலருக்கு ஒரே நாளில் 7 ரூபாய் 50 காசு கொடுக்கவேண்டி வந்தது. உத்தரவாதம் கைகூடாமல் சொந்தச் செலவில் புதுக்குழல் தருவிப்பதென்றால், அந்நியச் செலாவணிக்கு அனுமதி கிடைப்பது ஒருபுறம் இருக்க, ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு அது எட்டாததாகிவிட்டது. அன்று பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவர் பட்டறைக்கு வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது என் கண்முன் நிற்கிறது.

ஆவணியில் இரண்டாவது பதில் வந்தது. குறை தங்களுடையதுதான் என்று ஒப்புக்கொண்டு, பழைய ரைபிளைத் திருப்பி அனுப்பினால் அதற்குப் பதிலாக வேறொரு புதிய ரைபிளையே அனுப்புவதாகக் கம்பெனியார் எழுதியிருந்தார்கள். கேட்டதற்கு மேலாகவே கொடுத்த தாராளம் அது. எங்களைப் பெருஞ்சங்கடத்தில் ஆழ்த்தியதும் அதுதான். வேறு எந்தப் பொருளானாலும் பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொள்ளலாம். துப்பாக்கியோ எண்ணால் வாழும் வஸ்து. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி, அவருடைய லைசென்ஸில் எழுதியிருப்பது அந்த எண்ணுள்ள ரைபிள் ஒன்றே. வேறு எண் தாங்கியது சட்டத்தின் கண்ணில் வேறு ஆயுதம். அதற்குப் புதிதாக இறக்குமதி அனுமதி, புதிதாக வரி, போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் புதிதாக மனு. இவ்வளவையும் விவரித்து, இதே ரைபிளின் உடலில் புதுக்குழல் பூட்டி, பழைய எண்ணையே புதுக்குழலிலும் வெட்டித் தரவேண்டுமென்று கேட்டுக்கொண்டோம். சம்மதித்தார்கள்.

ஏற்றுமதி செய்து மீண்டும் கொண்டுவருவதற்கான உத்தரவுகள் கிடைக்கத் தை மாதமாகிவிட்டது. அந்த அலைச்சலை விவரிக்க நான் விரும்பவில்லை. போய் வந்தவர்களுக்குத் தெரியும். சுங்கத்தில் ஒன்றுமட்டும் முக்கியம். வெளியே போகும்போதே அதிகாரி எண்ணை நேரில் ஒப்பிட்டு, பழுது பார்த்துத் திரும்புவதற்காகப் போகிறது என்று தஸ்தாவேஜில் எழுதிக் கையெழுத்திடவேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால், திரும்பி வரும்போது அது புதுச் சரக்காகிவிடும். பெட்டியை நானே கட்டினேன். போல்ட்டைத் தனியே கழற்றி, குழலுக்குள்ளும் புறத்திலும் கெட்டிக் கிரீஸ் பூசி, மெழுகுத் தாள் சுற்றி, உட்புறம் தகரம் அடித்த பெட்டியில் வைத்து ஈயத்தால் மூடினேன். கப்பலின் அடித்தட்டில் கிடக்கும் ஈரக்காற்றுக்கு வேறு தடை கிடையாது. கந்தக அச்சையும் பஞ்சில் பொதிந்து ஒரு சிறு டப்பாவில் உடன் வைத்தேன்.

போகும்போது சூயஸ் வழியே சுகமாகப் போயிற்று. வைகாசியில் வேலை முடிந்து திரும்பக் கப்பலேறிவிட்டதென்று கடிதம் வந்த சில நாட்களுக்குள், 1967 ஜூன் மாதத்து யுத்தத்தில் கால்வாய் மூடப்பட்டுவிட்டது. கப்பல்களெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வரலாயின. எங்கோ பாலைவனத்தில் மூண்ட போர், சென்னையில் ஓர் ஆசிரியரின் காத்திருப்பை நீட்டியது. அந்த மாதங்களில் அவர் வாரந்தோறும் சுடுகளத்துக்கு வந்து, சங்கத்தின் பழைய ரைபிளில் பழகிக்கொண்டிருந்தார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஐப்பசி மழைக்கு நடுவே பெட்டி வந்து சேர்ந்தது. கிரீஸைத் துடைத்ததும் முதலில் எண்ணைப் பார்த்தோம்: உடலிலும் குழலிலும் ஒன்றே. குழலில் சோதனைச் சாலையின் புதிய முத்திரையும் இருந்தது. லண்டனில் 1637 முதலும், லியேஜ் நகரில் 1672 முதலும், பர்மிங்ஹாமில் 1813 முதலும், மிகுந்த மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரையிடும் சம்பிரதாயம் நடந்துவருகிறது. வாங்குபவர் பலர் அந்த முத்திரையைக் குறியின் உறுதிக்கு அத்தாட்சியென்று எண்ணிவிடுகிறார்கள். அது குழல் வெடித்துச் சிதறாது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. கோணல் அறையோடு வந்த பழைய குழலிலும் அந்த முத்திரை இருக்கத்தான் இருந்தது. அதனால்தான் புதுக்குழலிலும் மசிப்புள்ளிப் பரீட்சையைச் செய்துபார்த்தேன். குண்டைச் சுற்றிலும் பற்கள் சமமாக, ஒரு சிறு கிரீடம்போல் பதிந்திருந்தன.

பெட்டியின் மூலையில் எங்கள் டப்பாவும் திரும்பி வந்திருந்தது. அச்சு இரண்டாக உடைந்திருந்தது. கந்தகம் நாளடைவில் அப்படித்தான் ஆகும். உடன் ஒரு துண்டுக் காகிதத்தில், தங்கள் அளவும் ஆயிரத்தில் நான்கே என்று பென்சிலால் எழுதிக் கீழே யாரோ சுருக்கொப்பமிட்டிருந்தார்கள். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததில்லை. அவர் பாஷையும் எனக்குத் தெரியாது. ஆயினும் அந்தக் காகிதத்தை வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் படுத்துச் சுட்டார். பத்தாவது குண்டு முடிந்ததும் நான்தான் இலக்கிலிருந்து காகிதத்தைக் கழற்றிவந்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு நாலணாவை எடுத்துத் துளைகளின்மேல் வைத்தார். ஒன்றுமட்டும் சற்று வெளியே எட்டிப் பார்த்தது. "அது என்னுடையது, மேஸ்திரி" என்றார், மிகுந்த சந்தோஷத்துடன்.

மறுநாள் காலை, அவர் லைசென்ஸை எடுத்துவந்து ரைபிளைப் பெற்றுக்கொண்டு போனபின், பட்டறைப் பதிவேட்டைத் திறந்தேன். ஆயுதம் வந்த தேதி, எண், உடையவர், திரும்பிய தேதி எல்லாவற்றையும் நிரப்பினேன். 'செய்த வேலை' என்ற கலத்துக்கு வந்ததும் சிறிது நேரம் பேனாவை நிறுத்தி வைத்திருந்துவிட்டு, 'பரீட்சை மட்டும்' என்று எழுதினேன்.